ஃப்ரீஸ்பூல் ரீலில் இரண்டு டிராக்குகளையும் சரிசெய்யும் முறை

கட்லாவுக்கும் ரோகுவுக்கும் மைதா உருண்டையோ புண்ணாக்கு உருண்டையோ வைத்து, தூண்டில் ராடைத் தாங்கியில் சாய்த்துவிட்டு நெடுநேரம் காத்திருப்பவருக்கு மீன் இரையோடு ஓடும்போது லைனை இலகுவாக விட்டுக்கொடுக்கும் ஃப்ரீஸ்பூல் ரீலைப் போல் உதவும் கருவி வேறில்லை. ஆனால் இதில் டிராக், அதாவது இழுபடும் லைனுக்குப் பிடி கொடுக்கும் அமைப்பு, ஒன்றல்ல, இரண்டு உள்ளன. லீவரைப் போட்டிருக்கும்போது பின் குமிழின் இளக்கமான பிடி மட்டுமே வேலை செய்யும். கைப்பிடியைச் சுற்றியவுடன் லீவர் தானாக விலகிவிடும், அந்த நொடியிலிருந்து மீன் இழுப்பது முன் குமிழின் டிராக்கைத்தான். லைன் சுற்றுவது, முடிச்சுப் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் முன் குமிழ்

பலரும் பின் குமிழிலிருந்து தொடங்குகிறார்கள். வரிசையை மாற்றி, முன் குமிழிலிருந்தே தொடங்குங்கள். அதற்கும் முன்பாக லீவர் விலகியிருக்கிறதா என்று ஒருமுறை கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

லீவர் போட்டிருந்தால், லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலைத் தாங்கும் தண்டே விடுபட்டு, ஸ்பூலும் தண்டும் சேர்ந்து சுற்றும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினால்தான் முன் டிராக்கின் வாஷர்கள் பிடி கொடுக்கும். இரண்டும் சேர்ந்தே சுற்றும்போது அவற்றுக்கு வேலையே இல்லை. எனவே முன் குமிழை எவ்வளவு இறுக்கினாலும் லைன் இலகுவாகவே வரும். ரீல் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அதைவிட மோசம், இன்னும் போதவில்லை என்று கடைசிவரை இறுக்கி வைத்துவிடுவது. மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுற்றினால், அதுவரை இளகியிருந்த லைன் ஒரே நொடியில் பூட்டுப் போட்டதுபோல் நின்று, முடிச்சில் அறுந்துவிடும்.

லீவர் விலகியிருப்பது உறுதியானதும், லைனை ராடின் வளையங்கள் வழியாகக் கோத்து, நுனியை ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியில் கட்டுங்கள். ராடை ஏறத்தாழ 45 பாகை சாய்வில் நீங்கள் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் தராசைச் சீராக இழுக்கட்டும். லைன் தாங்கும் எடையில் கால் பங்கு காட்டும்போது ஸ்பூல் சுற்ற வேண்டும். 15 பவுண்டு லைன் என்றால் அது சுமார் 6.8 கிலோ தாங்கும்; கால் பங்கு 1.7 கிலோ. மூன்றில் ஒரு பங்குவரை போகலாம் என்பார்கள். முள்வேலியும் மூழ்கிய மரக்கட்டைகளும் நிறைந்த கரையில் அது சரி. மற்றபடி, தொடங்குபவருக்குக் கால் பங்கே போதும் என்பது என் கருத்து.

ஸ்பூல் அசையத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையைக் கணக்கில் கொள்ளாதீர்கள். நகர்ந்துகொண்டிருக்கும்போது காட்டுவதையே பாருங்கள். இரவெல்லாம் அழுந்திக் கிடந்த வாஷர்கள் முதல் இழுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், ஓரிரு மீட்டர் லைனை முன்னதாகவே உருவி விடுவது நல்லது. இந்தக் காரணத்தால்தான் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசைவிட, சந்தையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிங் தராசையே பரிந்துரைக்கிறேன். டிஜிட்டல் தராசுகளில் பல, உச்ச எடையைப் பிடித்து நிறுத்திக் காட்டும். நமக்குத் தேவைப்படாத எண் அதுதான்.

இன்னொன்று. லைன் வெளியேறி ஸ்பூலில் மீந்த சுற்றின் விட்டம் குறையக் குறைய, நீங்கள் குமிழைத் தொடாமலே டிராக் கனமாகும். விட்டம் பாதியானால் இழுவை இரு மடங்கு. ஆகவே பெரிய கட்லா அணையின் நடுவை நோக்கி ஓடும்போது இறுக்கக் கூடாது, சிறிது தளர்த்த வேண்டும். கூடுதல் பிடி தேவைப்பட்டால் ஸ்பூலின் விளிம்பை உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். கையை எடுத்தவுடன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

பிறகு பின் குமிழ்

லீவரைப் போட்டு, லைனைக் கையால் வெடுக்கென்று இழுத்து நிறுத்துங்கள். நிறுத்திய பின்னும் ஸ்பூல் தானே சுற்றி லைன் தொளதொளத்தால், பின் குமிழைச் சிறிது இறுக்குங்கள். இதற்குத் தராசு வேண்டியதில்லை.

இடத்தையும் பருவத்தையும் பொறுத்து இந்த அளவு மாறும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும் மாதங்களில், ஆழியாற்றிலோ திருமூர்த்தி அணையிலோ நீரின் மேல் வளைந்து கிடக்கும் லைனைக் காற்றே இழுத்து, மீன் இல்லாமலே ஸ்பூலைச் சுற்ற வைக்கும். அப்போது காற்றுக்கு அசையாத அளவுக்கு இறுக்கிவிட்டு, அதற்கு மேல் தொடாதீர்கள். கொடுமுடிப் பக்கம் காவிரியின் ஓட்டத்திலும் இதே கணக்குத்தான். காற்றடங்கிய மார்கழியில் நன்றாகத் தளர்த்தலாம்.

ஸ்பூல் சத்தமிட்டு ஓடத் தொடங்கியதும் ராடைப் பலமாக வெட்டி இழுக்காதீர்கள். ராடை எடுத்து, லீவர் 'டக்' என்று விலகும்வரை கைப்பிடியைச் சுற்றி, மீனின் கனம் தெரிந்த பிறகு உயர்த்தினால் போதும்.

பிற்சேர்க்கை

லீவர் விலகியிருந்தும், முன் குமிழை இறுக்கியும் லைன் வழுக்குவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கேட்டபோது பிரெய்டு எனும் பின்னல் லைனை நேரடியாக ஸ்பூலில் கட்டியிருந்தது தெரிந்தது. வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டு மொத்தச் சுற்றோடும் நழுவும். அடியில் சில சுற்று நைலான் லைன் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். இழுபட்டு நீளும் தன்மையால் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால், முதல் பருவம் முழுவதும் நைலானே இருந்தாலும் நான் மகிழ்வேன்.

சில மாடல்களில் இரண்டு டிராக்குகளுக்கும் உரிய திருகுகள் பின்புறத்திலேயே இருக்கும். லீவரை விலக்கி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, எது லைனின் பிடியை மாற்றுகிறதோ அதையே இங்கே சொன்ன முன் குமிழாகக் கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் முன் குமிழை முழுவதும் தளர்த்தி வையுங்கள். ஃபெல்ட் வாஷர்கள் அழுந்தியே கிடந்தால் தட்டையாகிவிடும். வாஷருக்கு எண்ணெய் விடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பொள்ளாச்சிக்காரர் கையில் முதலில் அகப்படுவது தேங்காய் எண்ணெய்தான், ஆனால் அது மார்கழி விடியலில் உறைந்துவிடும். டிராக் கிரீஸ் என்றே விற்பதை வாங்கி, மெல்லிய படலமாகப் பூசுங்கள்.