மத்தியானம் போய் ராத்திரி வரும் நெட்: ஃபைபர் ஜாயின்ட் பாக்ஸில் நாம் செய்யும் தவறுகள்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சித்திரை வெயிலில் வந்த புகார் அது. "தம்பி, மத்தியானம் ஆனா நெட்டு போயிருது. ராத்திரி சாப்பிட்டு முடிக்கையில அதுவா வந்துருது." இரண்டு தடவை ராத்திரி போய்ப் பார்த்தேன். ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. வீட்டு மோடத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவது தடவை அந்த அக்காவே, "ரெண்டு மணி வெயில்ல வந்து பாருங்க தம்பி" என்றார்.

போனேன். கம்பத்தில் ஏறி, கேபிள்களை இணைத்து வைக்கும் ஜாயின்ட் பாக்ஸைத் திறந்தால், கண்ணாடி இழைகள் ஓடும் கேபிளின் டியூப் ஒரு விரற்கடை அளவு, ஒட்டுகளை அடுக்கும் ட்ரேக்குள் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. கோர்கள், அதாவது அந்தக் கண்ணாடி இழைகள், ட்ரேயின் ஓரத்தில் மடங்கிக் கிடந்தன. ஒட்டு ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருந்தது. அதை முந்தின மார்கழியில் கட்டியவன் நான்தான்.

இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் பழகுகிறவர்களின் கவனம் முழுக்க மெஷின் மேல் இருக்கும். இழையை வெட்டும் கிளீவர் கூர்மையாக இருக்கிறதா, திரையில் லாஸ், அதாவது ஒளி இழப்பு, 0.01 டிபி வந்ததா என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் பிரித்துப் பார்த்த கெட்டுப்போன ஜாயின்ட்களில் ஒட்டு தானாக விட்டுப்போனது மிகக் குறைவு. பெட்டியை மூடிய விதத்திலும் கட்டிய இடத்திலும்தான் பெரும்பாலும் கோளாறு. அது அன்றைக்குத் தெரியாது. முதல் கோடையோ முதல் மழையோ வந்துதான் காட்டிக்கொடுக்கும்.

எஃப்ஆர்பி குச்சியைக் கவ்வாமல் விடுவது

மேலூரில் நான் செய்த தப்பு இது. ஓஎஃப்சி எனும் ஃபைபர் கேபிளை உரித்தால் நடுவில் வெள்ளையாக, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் (எஃப்ஆர்பி) ஒரு குச்சி வரும். இழுவிசையைத் தாங்குவது மட்டும் அதன் வேலை இல்லை. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் டியூப்கள் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். கண்ணாடி அந்த அளவுக்கு நீளாது. இரண்டுக்கும் நடுவே டியூப்கள் இஷ்டத்துக்கு நகராமல் பிடித்து வைப்பது அந்தக் குச்சிதான். பெட்டிக்குள் அதற்கென்றே ஒரு கிளாம்ப் உண்டு. குச்சியை அதில் செருகித் திருகை இறுக்க இரண்டு நிமிடம் போதும். அவசரத்தில் நாம் அதைக் கட்டிங் பிளேயரால் ஒட்ட வெட்டிவிட்டு, "வெளி உறையைத்தான் டைட் பண்ணியாச்சே" என்று மேலே போய்விடுகிறோம்.

உறையைக் கவ்வுவது வேறு, குச்சியைக் கவ்வுவது வேறு. இரண்டும் வேண்டும். உறையை மட்டும் பிடித்தால் உள்ளே இருப்பது நழுவும். குச்சியை மட்டும் பிடித்தால் காற்றில் கேபிள் ஆடும்போது உறை திருகிக்கொள்ளும். இரும்புக் கம்பி உள்ள கேபிளுக்கும், உருக்கு உறை போட்ட ஆர்மர்டு கேபிளுக்கும் எர்த் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். அந்த உலோகத்தைப் பெட்டியின் எர்த் போல்ட்டுடன் இணைத்து முறையாகத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படியே அந்தரத்தில் விடக் கூடாது.

மத்தியானம் மட்டும் ஏன் போகிறது என்றால், வெயிலில் டியூப் நீண்டு ட்ரேக்குள் தள்ள, கோர் மடங்குகிறது; வளைவு கூடும்போது ஒளி கசிகிறது. 125 மைக்ரான் பருமனுள்ள கண்ணாடி இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி ஏறக்குறைய 9 மைக்ரான்தான். மெயின் கேபிளில் வரும் சாதாரண ஜி.652 ஃபைபரை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவைத் தாங்கவென்றே செய்த ஜி.657 ஃபைபரில் ஏ1 வகை 10 மில்லிமீட்டர் வரையும், ஏ2 வகை 7.5 வரையும் தாங்கும். "வீட்டுக்குப் போற டிராப் கேபிள் இவ்வளவு மடங்குதே" என்று பார்த்துவிட்டு மெயின் கேபிளின் கோரையும் அதேபோல் ட்ரேக்குள் திணிப்பவர்கள் உண்டு. அது வேறு ஃபைபர், இது வேறு ஃபைபர்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃபைபருக்குள் ஒளியை அனுப்பி எங்கே எவ்வளவு இழப்பு என்று காட்டும் ஓடிடிஆர் கருவியில் ஒரே ஜாயின்ட்டை 1310 நானோமீட்டர், 1550 நானோமீட்டர் என்ற இரண்டு அலைநீளங்களிலும் பாருங்கள். 1310-இல் லாஸ் குறைவாகவும் 1550-இல் தெளிவாகக் கூடியும் தெரிந்தால் அது வளைவு. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே லாஸ் என்றால் ஒட்டைச் சந்தேகப்படலாம். மெஷின் திரையில் வரும் எண் படத்தைப் பார்த்துப் போட்ட மதிப்பீடு மட்டுமே. உண்மையான லாஸ் தெரிய வேண்டுமென்றால் இரண்டு முனையிலிருந்தும் ஓடிடிஆர் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் சில ஒட்டுகளில் லாஸுக்குப் பதில் லாபம்கூடக் காட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

தண்ணீர்

நம் ஊர் வானிலைக்கு ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் கொதிக்கும், நாலு மணிக்கு மேல் இடி இடித்துப் பெய்யும். வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து, கிடைத்த சந்து வழியாக வெளியேறுகிறது. மழை விழுந்து பெட்டி சட்டென்று குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைந்து, அதே சந்து வழியாகக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஓட்டை தண்ணீரைத் தானாக உள்ளே விடுவதில்லை, பெட்டியே இழுத்துக்கொள்கிறது. ஊசிமுனை சந்து போதும்.

உள்ளே வந்த தண்ணீர் உடனே லைனை நிறுத்தாது என்பதுதான் தொல்லை. ஒளி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இழுவிசையில் இருக்கும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஈரம் பட்டால் மெல்ல வளரும். சில மாதம் கழித்து ஒருநாள், யாரும் தொடாமலே ஒரு கோர் உடையும். அதற்குள் எறும்பு வேறு குடியேறியிருக்கும். ஒரு பெட்டியைத் திறந்தபோது ட்ரே முழுக்கச் சிற்றெறும்பு முட்டை. அதற்கு மேல் அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

தண்ணீர் எங்கே நுழைகிறது? பெரும்பாலும் கேபிள் நுழையும் துளையில். தடிமனான கேபிளுக்கென்று இருக்கும் துளையில் மெல்லிய டிராப் கேபிளை நுழைத்து, மிச்ச இடத்தைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றி அடைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. மதுரை வெயிலில் அந்த டேப்பின் பசை ஒரு கோடைக்குத் தாங்காது. எம்சீல் அப்புவதும் அப்படித்தான். கேபிள் அசைய அசைய அது விட்டுவிடும், அடுத்து திறக்க வேண்டியவர் சுத்தியலோடு நிற்பார். கேபிளின் பருமனுக்கு ஏற்ற ரப்பர், பெட்டியோடு வரும் பிசுபிசுப்பான மாஸ்டிக் டேப், இந்த இரண்டையும் விட்டு வேறு எதற்கும் போக வேண்டாம். பயன்படுத்தாத துளைகளில் மூடி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். "அப்புறம் தேவைப்படும்" என்று முன்கூட்டியே துளையை வெட்டி வைக்காதீர்கள்.

சூடு காட்டினால் சுருங்கிக் கேபிளைப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் வகை சீல் என்றால், கேபிளின் உறையை எமரித் தாளால் தேய்க்கும்போது கேபிளைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் விழும் கீறல் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு வாய்க்கால். ஒரே துளையில் இரண்டு கேபிள் விட்டால் நடுவில் கிளிப் போடாமல் சூடு காட்டக் கூடாது. சூடு காட்டியபின் நன்றாக ஆறும் வரை கேபிளை அசைக்கவே கூடாது. இந்தப் பொறுமை இல்லாமல் பெட்டியை உடனே தூக்கிக் கட்டித்தான் பாதி சீல் கெடுகிறது.

மூடியின் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் போச்சு. சுத்தமான துணியால் துடைத்து, முறுக்காமல் உட்கார வைத்து, போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். காற்று வால்வு உள்ள பெட்டி என்றால் கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கு மட்டும் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். பார்த்து முடித்ததும் காற்றை இறக்கிவிட வேண்டும். இறக்காமல் விட்டால் அடுத்த தடவை கிளாம்பைத் திறப்பவர் முகத்தில் மூடி அடிக்கும்.

எங்கே, எப்படிக் கட்டுவது

குவிந்த மூடியுள்ள டோம் வகைப் பெட்டியைக் கம்பத்தில் கட்டும்போது மூடி மேலே, கேபிள் துளைகள் கீழே இருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். குடத்தை நிமிர்த்தி வைத்த மாதிரிதான் அது. கேபிள் துளைக்குள் ஏறும் முன் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். படுக்கைவாட்டில் கட்டும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் இப்படித் தொங்கல் வேண்டும்.

பெட்டியைக் கீழே இறக்கி நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அளவுக்கு உபரிக் கேபிளைக் காயிலாகச் சுற்றி வையுங்கள். அதை மிச்சம் பிடிப்பது பெரிய முட்டாள்தனம். கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு யாராலும் நல்ல ஒட்டுப் போட முடியாது. கட்டுவதற்கு வெயில் தாங்கும் கறுப்பு டையோ ஸ்டீல் பட்டையோ போதும். வெள்ளை டை ஒரு வருஷத்தில் பொடிந்துவிடும்.

மரத்தில் ஆணியடித்துக் கட்டுவது வேண்டாம். மரம் ஆடும், வளரும், கிளை வெட்ட ஆள் வருவார். அழகர்கோவில் பக்கம் என்றால் குரங்குகளையும் கணக்கில் வைக்க வேண்டும். சுற்றி வைத்த காயில் அவற்றுக்கு ஊஞ்சல். மீனாட்சி தேர் சுற்றி வரும் மாசி வீதிகளில் வீதியின் குறுக்கே மேலே கேபிள் எடுப்பதே வம்பு. அப்படியே எடுத்தாலும் அந்தக் கடவையின் பக்கத்தில் ஜாயின்ட் வைக்காதீர்கள். சித்திரையில் அதைக் கழற்றி மாட்டும்போது முதலில் போவது ஜாயின்ட்தான். வைக்கோல் லாரி போகும் கிராமத்துச் சாலைகளுக்கும் இதே யோசனைதான்.

தரைக்கடியில் சேம்பரில், அதாவது கேபிள் குழியில், வைப்பதானால் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது. சுவரில் பிராக்கெட் அடித்து மேலே தூக்கிக் கட்டுங்கள். கண்மாய் நிறைந்து வழியும் பகுதிகளில் சேம்பர் ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் தண்ணீரில்தான் நிற்கும், அதனால் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் ஐபி68 தரப் பெட்டிக்குக் குறைந்து எதுவும் வேலைக்காகாது. வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டியை இங்கே கொண்டு வராதீர்கள். சேம்பர் மூடியைத் திறந்ததும் இறங்காதீர்கள். சாக்கடை பக்கத்தில் இருந்தால் வாயு தேங்கியிருக்கும். காற்றோட்டம் விட்டு, வாயு மீட்டர் வைத்துப் பார்த்து, மேலே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள். உள்ளே நெருப்பைப் பற்ற வைக்கவே கூடாது.

உயிர் போகும் தவறு

இதுவரை சொன்னதெல்லாம் லைன் போகும் தவறுகள். ஈபி கம்பத்தில் அனுமதி இல்லாமல் ஏறுவது ஆளே போகும் தவறு. ஃபைபரில் கரண்ட் இல்லை என்பது உண்மை. ஆனால் அதோடு வரும், கேபிளைத் தாங்கும் மெசஞ்சர் கம்பியும் டிராப் கேபிளின் இரும்பிழையும் கரண்ட் கடத்தும். அவை மின்கம்பியில் உரசினால் நாலு தெரு தள்ளி பெட்டியைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். பெட்டியைத் தொடும் முன் மெசஞ்சர் கம்பியில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன். பயந்தவன் என்று சொன்னால் சொல்லட்டும். டிரான்ஸ்பார்மர் உள்ள கம்பமும் எச்டி எனும் உயர் அழுத்த மின் லைன் போகும் கம்பமும் நமக்கானவை அல்ல. இரும்பு ஏணி, அலுமினிய ஏணி இரண்டையும் மறந்துவிடுங்கள். பெல்ட் இல்லாமலும், மழை தூறும்போதும், தனியாகவும் ஏறாதீர்கள்.

அடுத்தது கண். ஃபைபரில் போகும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. "லைட் வருதான்னு பாரு" என்று முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். கேபிள் டிவி சிக்னலை ஈடிஎஃப்ஏ எனும் ஒளிப் பெருக்கி வைத்துப் பெருக்கி அனுப்பும் லைனில் 20 டிபிஎம் சாதாரணம். அது 100 மில்லிவாட். கண் கெட்டுவிடலாம். பவர் மீட்டர் இருப்பது இதற்குத்தான். டார்ச் போல அடிக்கும் சிவப்பு லேசரையும் யார் கண்ணுக்கும் காட்டக் கூடாது.

வெட்டி விழும் கண்ணாடித் துண்டுகள் இன்னொரு தொல்லை. தோலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு. மூடியுள்ள ஒரு பாட்டிலில் ஒவ்வொன்றையும் போடுங்கள், கறுப்புத் துணி விரித்து வேலை பாருங்கள். கையைக் கழுவாமல் டீக்கடையில் வடையை எடுக்காதீர்கள். டியூபின் ஜெல்லைத் துடைக்கப் பெட்ரோல் வேண்டாம்; கோர் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதுவும் ஹீட்டருக்குத் தள்ளி.

மூடும் முன்

ஒட்டை மூடிக் காக்கும் ஸ்லீவை முதலில் ஏற்ற மறந்து ஒட்டியபின் தலையில் கை வைத்து உட்காராத ஸ்ப்ளைசர் இல்லை. அதற்கு மருந்து கிடையாது. கோர்களின் நிறம் பார்ப்பதில் மட்டும் கவனம் வேண்டும். மஞ்சள் தெருவிளக்கில் வெள்ளையும் சாம்பலும் ஒன்றுபோல, ரோஸும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். ராத்திரி வேலைக்கு வெள்ளை ஹெட்லைட் எடுத்துப் போங்கள்.

எந்த டியூபின் எந்த கோர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். ட்ரேயை மொபைலில் ஒரு படம். தேதியைக் கேபிள் டேக்கில் எழுதி வெளியே கட்டுங்கள். கடைசியாக எஃப்ஆர்பி குச்சியை விரலால் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மூடலாம்.