டாஸ்க் ஷெட்யூலர்: கரண்ட் போகும் ஊரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எந்தப் பக்கம் போனாலும் சரி, மளிகைக் கடையிலும் கோயில் அலுவலகத்திலும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கும். கூடவே, "பேக்கப் ராத்திரி தானா ஓடிடும்" என்ற நம்பிக்கையும் இருக்கும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கடைசிக் கோப்புக்கு மாதக்கணக்கில் வயதாகியிருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதியான டாஸ்க் ஷெட்யூலரைக் கேட்டால், அந்த வேலைக்கு நேராக 'ரெடி' என்று சாதுவாகச் சொல்லும்.

இது பெரும்பாலும் பழுதே இல்லை. டாஸ்க் ஷெட்யூலர் 1990களிலிருந்து பதிப்பு பதிப்பாக வளர்ந்தது. ஒவ்வொரு பதிப்பும் தன் காலத்துக்குச் சரியென்று பட்ட சில டிக்குகளைப் போட்டுவைத்திருக்கிறது. நாம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் நிரப்பி ஓகே அழுத்துகிறோம். கண்டிஷன்ஸ், செட்டிங்ஸ் என்ற இரண்டு பக்கங்களை யாரும் திறப்பதில்லை. தவறுகளில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸ் என்டியில் நேரம் குறித்து வேலையை ஓட்ட 'அட்' என்ற கட்டளை இருந்தது. விண்டோஸ் 95-ல் இப்படி எதுவும் கிடையாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பிளஸ் தொகுப்பில்தான் சிஸ்டம் ஏஜென்ட் என்ற ஒன்று வந்தது. டாஸ்க் ஷெட்யூலர் என்ற பெயர் 1997-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4-உடன் வந்து, விண்டோஸ் 98-ல் நிலைத்தது. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வரை ஓடியது இந்த 1.0 வம்சம். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்து 2.0 என்று புதிதாகக் கட்டினார்கள். விண்டோஸ் 11-ல் இன்று ஓடுவதும் அதே 2.0 வம்சம்தான். எனவே எக்ஸ்பி காலத்துக் குறிப்பை எங்கேயாவது படித்துவிட்டு இன்றைய கம்ப்யூட்டரில் அதைத் தேடாதீர்கள்.

சரி, முதல் தவறுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் இதுதான் பெரிய தவறு. கண்டிஷன்ஸ் பக்கத்தில் இரண்டு டிக்குகள் பிறவியிலேயே இருக்கும். ஒன்று, கரண்டில் இருந்தால் மட்டும் வேலையைத் தொடங்கு. மற்றது, பேட்டரிக்கு மாறினால் வேலையை நிறுத்து. இவை 1.0 காலத்திலிருந்தே வருபவை. லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோன அந்த நாளில் இது நல்ல யோசனை. லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவதில், இரண்டு இரண்டரை மணி நேரம் கரண்ட் போகும் ஊருக்கு இது ஆகாது. நாட்டின் மின் நிறுவனமான எஸ்காம் லோட் ஷெடிங்கின் ஆறாம் கட்டத்தை அறிவித்திருந்த 2023-ல், ஒரே நாளில் பல தடவை கரண்ட் போய் வந்தது. லேப்டாப்பில் இரவு எட்டு மணி பேக்கப், எட்டு மணிக்கே லோட் ஷெடிங் என்றால் வேலை தொடங்கவே தொடங்காது. பாதியில் கரண்ட் போனால் இன்னும் மோசம்: பேக்கப்பை நடுவில் வெட்டிவிடும். அரைகுறை ஜிப் கோப்பு பார்வைக்கு முழுக் கோப்பு போலவே இருக்கும். அது அரைகுறை என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

"எங்களுடையது டெஸ்க்டாப், பேட்டரி கிடையாது" என்று நினைப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தால், விண்டோஸ் அதைப் பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கே இன்வெர்ட்டர் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போனதே தெரியாது. மற்றவர்கள் இரண்டு டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். திரையில் நிரப்பாமல், ஸ்கெடாஸ்க்ஸ் (schtasks) என்ற கட்டளையைத் தட்டி வேலையை உருவாக்கினாலும் இதே டிக்குகள் வந்து உட்காரும். அந்தக் கட்டளையில் இவற்றை எடுப்பதற்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் செய்யலாம், அல்லது திரையில் போய் எடுக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரே அணைந்து கிடந்தால்? எக்ஸ்பியில் தவறிப்போன வேலையைப் பற்றித் தகவல் சொல்லும் வசதிதான் இருந்தது. விஸ்டாவிலிருந்து செட்டிங்ஸ் பக்கத்தில், நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்ற வரி வந்தது. ஆனால் அதற்கு டிக் போடாமலே கொடுத்திருக்கிறார்கள். நாம்தான் போட வேண்டும். போட்ட பிறகு, கம்ப்யூட்டர் எழுந்ததும் வேலை உடனே ஓடாது, சுமார் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பதறிப்போய்க் கையாலும் ஓட்டி, இரண்டு பேக்கப்பை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள். இன்னொன்று: 'கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டு' என்ற டிக் தூங்கும் கம்ப்யூட்டருக்குத்தான். மெயினில் கரண்டே இல்லாத டெஸ்க்டாப்பை எந்த டிக்காலும் எழுப்ப முடியாது.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெடிங் ஓய்ந்தபோது பலரும் இதையெல்லாம் மறந்தார்கள். 2025 ஜனவரி 31-ல் அது மறுபடி தலைகாட்டியது. கரண்ட் ஒழுங்காக இருக்கும் மாதத்தில் சரிபார்த்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது தேதி. இது தென்னாப்பிரிக்காவுக்கே உரிய வம்பு, எனக்குப் பிடித்த வம்பும்கூட. நம் ஊர் ரீஜன் அமைப்பில் விண்டோஸ் தேதியை 2025/01/31 என்று ஆண்டை முன்வைத்துச் சாய்கோடு போட்டு எழுதும். இணையத்தில் கிடைக்கும், கட்டளைகளை வரிசையாக எழுதிய பேக்கப் பேட்ச் (batch) கோப்புகளோ பெரும்பாலும் அமெரிக்க வடிவத்துக்கு எழுதியவை: முதலில் கிழமை, பிறகு மாதம், தேதி, ஆண்டு. ஐந்தாவது எழுத்திலிருந்து இரண்டு எழுத்தை வெட்டி எடுத்தால் அங்கே மாதம் கிடைக்கும். இங்கே ஒரு சாய்கோடும் ஒரு பூஜ்யமும் கிடைக்கும். கோப்புப் பெயரில் சாய்கோடு வரக்கூடாது, எனவே நகல் எடுக்கும் வரி அங்கேயே விழுந்துவிடும். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வேலையை விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கின் பெயரில் ஓடவிட்டால், அந்தக் கணக்குக்கு உங்கள் ரீஜன் அமைப்பு பொருந்தாது. அது பெரும்பாலும் அமெரிக்க வடிவத்திலேயே இருக்கும். நீங்கள் டபுள் கிளிக் செய்தால் ஒரு விடை, ஷெட்யூலர் ஓட்டினால் வேறு விடை. இதற்கு ஒரே வழி, தேதியை வெட்டி ஒட்டும் பழக்கத்தையே விட்டுவிட்டு, பவர்ஷெல்லில் எந்த வடிவம் வேண்டும் என்று நேராகச் சொல்வது.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுகிறது, லண்டன் கடிகாரம் ஓடுவதில்லை. லண்டனின் குளிர்காலத்தில் நாம் அவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அவர்களின் கோடையில் ஒரு மணி நேரம்தான். அங்குள்ள அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பும் வேலை வைத்திருந்தால், மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கையால் மாற்றுங்கள். சென்னைக்கு அனுப்புகிறவர்களுக்குக் கவலை இல்லை. மூன்றரை மணி நேர வித்தியாசம் மாறுவதே இல்லை.

ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் 'ஸ்டார்ட் இன்' என்ற பெட்டியை வெறுமனே விட்டால், வேலை சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு உங்கள் கோப்பைத் தேடும். நிரப்பும்போது மேற்கோள் குறி போடாதீர்கள். மேலே புரோகிராம் பெட்டியில் அது தேவைப்படலாம், இங்கே போட்டால் ஓடாது. யாரும் லாகின் செய்யாதபோது ஓடும் வேலைக்கு 'இசட் டிரைவ்' போன்ற நெட்வொர்க் டிரைவ் எழுத்துகள் தெரியாது, முழு நெட்வொர்க் பாதையை எழுதுங்கள். அந்த வேலை திரையில் விண்டோவும் காட்டாது. விஸ்டாவிலிருந்து அவை தனி செஷனில் ஓடுகின்றன. "ஒன்றுமே தெரியவில்லையே" என்பதற்காக மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம்.

பாஸ்வேர்டும் கவனிக்க வேண்டியதே. அதை மாற்றினால் ஷெட்யூலரிலும் போய் மாற்ற வேண்டும். அதற்குத் தானாகத் தெரியாது. லாகினுக்கு நான்கு இலக்க பின் வைத்திருப்பவர்கள் இங்கே அதைக் கொடுக்கக் கூடாது, கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைத்தான் கேட்கும். வேலை தோற்றால் மெயில் அனுப்பு என்ற வசதியை நம்பியும் இருக்காதீர்கள். விஸ்டாவில் வந்த அந்த வசதியை விண்டோஸ் 8-லேயே ஓரங்கட்டிவிட்டார்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், இப்போது பலர் கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள். கல்லாப் பெட்டிக்கு இன்னும் விண்டோஸ் 7 வைத்திருக்கும் கடைகளும் உண்டு. ஸ்டக்ஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் வைரஸ் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று டாஸ்க் ஷெட்யூலரில்தான் இருந்தது, 2010 டிசம்பரில்தான் அதை அடைத்தார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம். மாற்றும்போது ஒவ்வொரு வேலையையும் எக்ஸ்போர்ட் செய்து எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்துப்போங்கள். புது கம்ப்யூட்டரில் இம்போர்ட் செய்ததும் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறது என்று பாருங்கள், ஏனென்றால் பழைய கணக்கின் அடையாளம் அங்கே செல்லாது.

எல்லாம் முடிந்ததும் வலப்பக்கத்தில் எல்லா வேலைகளுக்கும் ஹிஸ்டரியை இயக்கும் வரி இருக்கிறதா பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே இருக்கும், இயக்கிவிடுங்கள். அப்புறம் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஐந்து நிமிடம் தள்ளி நேரம் வைத்து வேலையை ஓடவிட்டுப் பாருங்கள். 'ரன்' பொத்தானை அழுத்திச் சோதித்தால் நேரத்துக்குத் தொடங்குகிறதா என்பது தெரியாது. ஓடாவிட்டால், கரண்ட் இல்லாததால் தொடங்கவில்லை என்று ஹிஸ்டரியிலேயே எழுதியிருக்கும்.