காட்டு வான்கோழி வேட்டை: வில்லா, ஷாட்கன்னா? தேர்வில் தொடங்கும் தவறுகள்

சரியாகப் பொருத்திச் சோதித்த ஷாட்கன், அதாவது சிறு ரவைகளைக் கொத்தாகச் சுடும் துப்பாக்கி, 40 கெஜத் தூரத்தில் காட்டு வான்கோழியை நின்ற இடத்திலேயே வீழ்த்தும். வில்லுக்கு அந்த எல்லை 20 கெஜம்; கைதேர்ந்தவர்கள்கூட 25-ஐத் தாண்டத் தயங்குவார்கள். எங்கே உட்காருவது, வான்கோழியை ஈர்க்கும் பொம்மைப் பறவையை எங்கே நடுவது, உடலில் எந்த இடத்தைக் குறிவைப்பது, எந்தக் கணத்தில் அசைவது என்று மற்ற எல்லாமே இந்தத் தூரத்திலிருந்துதான் கிளைக்கின்றன. ஒன்றில் பழகிய கையோடு இன்னொன்றை எடுப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். அதற்கு விலை கொடுப்பது காயத்தோடு புதருக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் சாகும் பறவை.

இது அமெரிக்காவில் நடக்கும் வேட்டை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே காட்டு வான்கோழி பல மாநிலங்களில் அடியோடு இல்லாமல் போயிருந்தது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் நீளக்குழல் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதுமான 11 சதவீத வரியை வனவிலங்கு மீட்புக்குத் திருப்பிவிட்டது. வில், அம்பு மீதான வரியும் பின்னர் அதில் சேர்ந்தது. பறவைகளை வலைவீசிப் பிடித்து, அவை இல்லாத காடுகளில் விட்டு, பல பத்தாண்டுகள் உழைத்து எண்ணிக்கையைப் பல லட்சங்களாக உயர்த்தினார்கள். வில்லோ துப்பாக்கியோ, இத்தனை பாடுபட்டு மீட்ட பறவையை வதைக்காமல் வீழ்த்தத் தெரிந்த பிறகே காட்டுக்குள் போக வேண்டும்.

சட்டத்தைக் கடைசியில் பார்ப்பது

ஆயுதத்தை வாங்கிவிட்டு விதிகளைப் படிப்பவர்கள் பலர். மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். வசந்தகால வேட்டையில் ரைஃபிளைப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. நியூயார்க்கில் வசந்தகாலத்தில் நண்பகலோடு வேட்டை முடிந்துவிடும். நெப்ராஸ்காவில் வில்லுக்கான பருவம் ஷாட்கன்னுக்கு முன்பே தொடங்கும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈய ரவை கூடாது. செம்பு பூசிய ஈயமும் ஈயம்தான். அதை வாங்கி வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள். வில்லின் இழுவிசை குறைந்தது எத்தனை பவுண்டு இருக்க வேண்டும், ரவை எந்த அளவுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது, துப்பாக்கி போல விசையை அழுத்தி எய்யும் குறுக்குவில் அனுமதியா என்பதையெல்லாம் அந்த ஆண்டின் மாநில விதிப்புத்தகத்தில் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அதனால் இதைப் படிக்கும் தமிழர்களில் வேட்டைக்குப் போகக்கூடியவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் வசிப்பவர்களே. அவர்களில் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்தகைய விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடைசெய்கிறது. காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் முடிந்த மறுநாள் அந்த விலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியை ஒரு காலைப் பொழுதுக்கு வாங்கிப் பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் ‘வைத்திருப்பது’தான். கிரீன் கார்டு உள்ளவர்களை இந்தத் தடை தொடாது. வில் இந்தச் சட்டத்துக்குள் வராது என்பதால், உரிமப் புதுப்பிப்பு, வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பொறுப்பு இரண்டையும் கணக்கிட்டு வில்லைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவு. மாநிலச் சட்டம் கூடுதலாக ஏதாவது சொல்லலாம். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

குறியை மாற்றிவைப்பது

தவறுகளில் மிகப் பெரியது இதுதான்.

ஷாட்கன்னுக்குக் குறி தலையும் கழுத்தும். தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான ரவைகள் கொத்தாகப் பாய்கின்றன. அவற்றில் சில மூளையிலோ கழுத்தெலும்பிலோ பட்டால் பறவை அங்கேயே விழும். அதே கொத்தை உடம்பில் விட்டால் தடித்த சிறகும் மார்புச் சதையும் ரவையைத் தாங்கிக்கொள்ளும், கறி பாழாகும், பறவை ஓடிவிடும். கழுத்தின் வெற்றுத்தோல் முடிந்து இறகு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே குறிவையுங்கள். வான்கோழிச் சேவல் தோகை விரித்து நிற்கும்போது கழுத்தை உள்ளிழுத்திருக்கும், அப்போது சுடாதீர்கள். வான்கோழி போலக் குரலெழுப்ப வாயில் வைத்த ஊதியால் ஒருமுறை வெடுக்கென்று ‘க்ளக்’ எழுப்பினால் தலையை நிமிர்த்திப் பார்க்கும். சுட வேண்டியது அந்தக் கணத்தில்.

அம்புக்குக் குறி உடம்பு. இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சாத்துக்குடி அளவுதான். தோகை விரித்த சேவல் கூடை அளவுக்குத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி வெறும் இறகு. மான் வேட்டையில் பழகியவர்கள் இங்கே தாழ்வாகவும் முன்னால் தள்ளியும் எய்து மார்புச் சதையில் அம்பைச் செருகுகிறார்கள். பக்கவாட்டில் நிற்கும் பறவைக்குச் சிறகு உடலோடு சேரும் இடத்தில் எய்யுங்கள். நேர் எதிரே நின்றால் மார்பிலிருந்து தொங்கும் தாடி முளைக்கும் இடம். முதுகைக் காட்டித் தோகை விரித்திருந்தால் வால் இறகுகள் வந்து கூடும் அடிப்பகுதி. வீட்டில் பழகும்போது வட்டப் பலகையை விட்டுவிட்டு, வான்கோழி வடிவக் குறிப்பொம்மையில் இந்த மூன்று கோணங்களையும் எய்து பாருங்கள்.

கழுத்தையே சீவும் அகலக் கத்தி முனைகளும் அம்புக்குக் கிடைக்கின்றன. பட்டால் பறவை அங்கேயே விழும், படாவிட்டால் காயமில்லாமல் பறந்துவிடும் என்பது அவற்றின் நல்ல குணம். ஆனால் அந்த அகலம் காற்றில் அம்பைத் திருப்பும். கத்தி வில்லின் உடலில் உரசாமல் இருக்க நீளமான அம்பு வேண்டும். வில்லில் குறிபார்க்கப் பொருத்திய குறிமுள்ளையும் அதற்கென்று மறுபடி சரிசெய்ய வேண்டும். முந்தின நாள் வாங்கிய முனையை மறுநாள் காலையில் எய்வது நிச்சயமான தோல்வி. தொடங்குகிறவர்களுக்கு, பட்டதும் விரியும், 2 அங்குல அளவுக்கு வெட்டும் முனையே ஏற்றது.

ஷாட்கன் என்றால் பழக வேண்டாம் என்ற நினைப்பு

‘பரவலாகத்தானே பாயும், தப்பாது’ என்று நம்புகிறவர்கள் பறவை 10 கெஜத்துக்கு வந்ததும் கோட்டைவிடுகிறார்கள். ரவைக்கொத்து விரியாமல் இருக்கக் குழலின் முனையை ஒடுக்கும், வான்கோழிக்கான இறுக்கமான சோக் குழாய் பொருத்திய துப்பாக்கியில் அந்தத் தூரத்தில் ரவைக்கொத்து கைமுட்டி அளவுக்கு மேல் விரியாது. ஆடிக்கொண்டே இருக்கும் தலையை அதால் அடிக்க ரைஃபிளுக்கு உரிய கவனம் வேண்டும்.

அதனால் தாளில் சுட்டுப் பார்ப்பதைத் தவிர்க்கவே முடியாது. மூன்றடிக்கு மூன்றடித் தாளை 40 கெஜத்தில் நிறுத்தி நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் வைத்து, முதலில் மலிவான, உதைப்பு குறைந்த தோட்டாவால் குறி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேட்டைக்கான தோட்டாவால் மூன்று தாள் சுடுங்கள். ரவை அடர்ந்த இடத்தில் 10 அங்குல வட்டம் வரைந்து துளைகளை எண்ணுங்கள். 100-க்குக் குறையாமல் இருப்பது வேட்டைக்காரர்கள் வழக்கமாக வைக்கும் அளவுகோல். குறைந்தால் சோக்கையோ தோட்டாவையோ மாற்றிப் பாருங்கள். 35 கெஜத்தில்தான் 100 வருகிறது என்றால் அந்தத் துப்பாக்கியின் எல்லை 35. கடைசியாக 10, 20 கெஜத்திலும் சுடுங்கள். கிட்டத்தில் கொத்து எவ்வளவு சிறியது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு அவசரப்பட மாட்டார்கள்.

துப்பாக்கியின் பருமனிலும் வீண் செலவு நடக்கிறது. கேஜ் என்பது குழல் துளையின் அளவு; எண் குறையக் குறையத் துளை பெரிது. 12 கேஜில் மூன்றரை அங்குலத் தோட்டா தோளை உடைக்கும். அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே கண் மூடும், முகம் கட்டையிலிருந்து எழும், குறி மேலே போகும். ஈயத்தில் 4, 5, 6 எண் ரவைகளே வழக்கம்; எண் கூடக்கூட ரவை சிறிது. டி.எஸ்.எஸ். எனப்படும் டங்ஸ்டன் ரவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 18 கிராம், ஈயத்துக்கு 11.3. கனம் கூடுவதால் 9-ஆம் எண் அளவுக்குச் சிறிய ரவைகூட ஆழமாக இறங்கும், ஒரே தோட்டாவில் அதிகம் அடங்கும். இதனால் உதைப்பு குறைந்த 20 கேஜ் துப்பாக்கியே போதுமானதாகிவிட்டது. விலைதான் கடுமை: ஒரு தோட்டா பெரும்பாலும் 10 டாலரைத் தாண்டும். அது 60 கெஜத்தில் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு என்று எண்ணுவது அடுத்த தவறு. தூரத்தைத் தப்பாகக் கணிக்கும் கண்ணை எந்த உலோகமும் திருத்தாது. உட்கார்ந்ததும் சுற்றியுள்ள மரங்களைத் தூரமானியால் அளந்து, 40 கெஜ எல்லை எது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

உருக்கு ரவையை இறுக்கமான சோக்கில் சுடாதீர்கள். அந்தச் சோக் உருக்குக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் மட்டுமே சுடலாம். இல்லையென்றால் குழல் வீங்கிக் கெடும்.

வில்லை இழுக்கும் அந்த இரண்டு நொடி

வான்கோழிக்கு மோப்பம் குறைவு, பார்வை அபாரம். கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் கழுத்தைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும், நிறமும் தெரியும். மரத்தில் சாய்ந்து, மடக்கிய முழங்கால்மேல் துப்பாக்கியை முன்பே ஏந்தி வைத்திருப்பவருக்கு மிச்சமிருக்கும் வேலை விரலை அசைப்பதுதான். வில்லாளி 20 கெஜத்துக்குள் முழங்கையைப் பின்னால் இழுக்க வேண்டும். மரத்தடியில் வெறுமனே உட்கார்ந்து இதைச் செய்ய முயல்வது தொடக்கக்காரர்களுக்குக் கைகொடுக்காது. மறைவுக் கூடாரம் வேண்டும்.

கூடாரத்துக்குள்ளும் தவறுகள் உண்டு. பின்பக்க ஜன்னல்களைத் திறந்துவைத்தால் வெளிச்சத்தில் உங்கள் நிழலுருவம் தெரியும். அவற்றை மூடி, கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, கறுப்பு முகமூடி அணியுங்கள். குறிமுள்ளை விட அம்பு சில அங்குலம் தாழ்வாக இருக்கும். கண்ணுக்கு வழி தெளிவாகத் தெரிந்தாலும் அம்பு ஜன்னல் விளிம்பில் மோதலாம். அதே காரணத்தால் 5 கெஜத்தில் அம்பு குறிக்குச் சற்றுக் கீழே படும். 20 கெஜத்தில் மட்டும் பழகினால் இது தெரியவே தெரியாது. வேட்டையில் உட்காரப்போகும் அதே முக்காலியில் உட்கார்ந்து 5, 10, 15, 20 கெஜத்தில் எய்து பழகுங்கள்.

மானுக்கென்று 70 பவுண்டுக்கு ஏற்றிய வில்லை அப்படியே கொண்டுவருவதும் தவறு. உட்கார்ந்தபடி அதை இழுக்கத் தோளும் இடுப்பும் சேர்ந்து அசையும். கப்பிகள் கொண்ட காம்பவுண்ட் வில்லில் 40 முதல் 50 பவுண்டு போதும். சேவல் திரும்பும்வரை நாணை இழுத்தபடி ஒரு நிமிடம் தாங்க முடிகிறதா என்பதே சோதனை.

பொம்மையை வைக்கும் முறையும் மாறும். ஷாட்கன்னுக்கு 20 கெஜம் நல்ல இடம். வில்லுக்கு 8 முதல் 10 கெஜத்தில் இளஞ்சேவல் பொம்மையை உங்களைப் பார்த்து நிறுத்துங்கள். வரும் சேவல் போட்டியாளனை முகத்துக்கு முகம் எதிர்க்க வந்து, உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அதன் விரிந்த தோகையே அதன் கண்ணை மறைக்கும்; நாணை இழுப்பது அப்போதுதான். இரண்டு கையாலும் இயக்கும் பெட்டி ஊதியோடு வில்லைச் சமாளிக்க முடியாது. வாய்க்குள் வைக்கும் ஊதியைப் பழக ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

குறுக்குவில்லில் நாண் முன்பே ஏற்றப்பட்டிருக்கும் என்பதால் இந்த அசைவுச் சிக்கல் குறைவு. ஆனால் குறி உடம்புதான். தூரத்தையும் ஷாட்கன் அளவுக்கு நீட்ட வேண்டாம்.

பட்ட பிறகு

ஷாட்கன்னால் சுட்டதும் பாதுகாப்பு விசையைப் போட்டுவிட்டு வேகமாகப் பறவையிடம் போங்கள். பின்னால் வேறு பறவை நின்றிருந்தால் சிதறிய ரவை அதிலும் பட்டிருக்கலாம். சுடும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். கால் முள் கையைக் கிழிக்கும், கவனமாகப் பிடியுங்கள்.

அம்பு பட்ட பறவையின் பின்னால் அப்படி ஓடினால் அது எழுந்து பறந்துவிடும். அது பார்வைக்குள் தடுமாறி நின்றால் சத்தமில்லாமல் இரண்டாவது அம்பைப் பூட்டுங்கள். நடந்து மறைந்துவிட்டால் கடைசியாகத் தெரிந்த இடத்தை மனதில் பதித்து அரை மணி நேரமாவது காத்திருங்கள். இறகுகள் ரத்தத்தை உறிஞ்சிவிடுவதால் மானுக்குக் கிடைப்பது போன்ற தடம் கிடைக்காது. சாய்ந்த மரம், முட்புதர், ஓடைக்கரைப் பள்ளம் என்று அது நுழைந்து ஒடுங்கக்கூடிய இடங்களை ஒன்றுவிடாமல் தேடுங்கள்.

பறவையைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வழியில் அதை ஆரஞ்சுத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். பொம்மைகளையும் பைக்குள் மூடியே எடுத்துச் செல்லுங்கள். சேவலின் தலையில் இருக்கும் சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உங்கள் உடையில், கைக்குட்டையில், காலுறையில்கூட வேண்டாம். சேவல் குரல் கேட்ட திசையில் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே ஊதுவது இன்னொரு மனிதராக இருக்கலாம். வேறு வேட்டைக்காரர் உங்களை நோக்கி வந்தால் கையை ஆட்ட வேண்டாம், அசையாமல் இருந்தபடி உரக்கக் குரல் கொடுங்கள்.