பொதுப்பணக் கையாடலை ஆவணங்களிலிருந்து கண்டறியும் முறை

லஞ்சம் வாங்கப்பட்டால் கொடுத்தவருக்காவது அது தெரியும். கையாடலில், நம்பி ஒப்படைத்த பொதுப்பணத்தை அதிகாரியே எடுத்துக்கொண்டு கணக்கை மட்டும் நேராக வைத்திருப்பதால், பறிகொடுத்த மக்களுக்கே இழப்பு தெரிவதில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2003இல் ஏற்ற ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, 17ஆம் பிரிவை இக்குற்றத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

ஓர் அலுவலகத்தின் மொத்தக் கணக்கையும் ஆராய முற்பட வேண்டாம். நேரில் சென்று அளக்கக்கூடிய ஒரே ஒரு பணியை, ஒரு வடிகாலையோ சுற்றுச்சுவரையோ, எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் பெறும் சட்டம் உள்ள நாடுகளில், அப்பணியின் மதிப்பீடு, ஒப்பந்தம், அளவுப் பதிவேடு (முடிந்த வேலையின் அளவுகளைக் குறித்துவைக்கும் ஏடு), பற்றுச்சீட்டுகள், வருகைப் பதிவேடு, நிறைவுச் சான்று ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைப் பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். 'முறைகேடு பற்றிய விவரம் வேண்டும்' என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. நகல்கள் கைக்கு வரும்வரை உங்கள் ஐயத்தை அந்த அலுவலகத்தில் வெளிப்படுத்தாதீர்கள், பதிவேடு திருத்தப்பட்டுவிடக்கூடும்.

பற்றுச்சீட்டுகளுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அவற்றைத் தேதி வரிசையில் மேசைமீது பரப்பிப் பாருங்கள். ஒரே கடை மார்ச்சில் கொடுத்த சீட்டின் எண் 41, ஜூலையில் கொடுத்ததன் எண் 42 என்றிருந்தால், இடைப்பட்ட நான்கு மாதங்களில் அக்கடை வேறு எவருக்கும் எதையும் விற்கவில்லை என்றாகிறது. இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட்டவையா என்று கேட்க வேண்டிய இடம் அதுவே. வருகைப் பதிவேட்டில் இருபது பேரின் கையொப்பங்களும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள்.

பிறகு இன்னொருவரைச் சாட்சியாக அழைத்துச் சென்று அப்பணியை நாடாவால் அளந்து, அளவுப் பதிவேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். நேர்மையான ஊழியர்மீது பழி விழுவது கையாடலுக்குச் சற்றும் குறையாத அநீதி என்பதால், புகாரில் 'திருடினார்' என்று எழுதாமல், பதிவில் உள்ள அளவையும் நேரில் கண்ட அளவையும் அருகருகே எழுதுங்கள்.

புகாரைத் தணிக்கைத் துறைக்கோ ஊழல் தடுப்பு அமைப்புக்கோ அனுப்பி, பெற்றதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். புகார் தருவோரைப் பாதுகாப்பது பற்றி, உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு நாடுகள் பரிசீலிக்க வேண்டும் என்ற அளவிலேயே சொல்கிறது. எனவே உங்கள் நாட்டுச் சட்டத்தைப் படித்தபின் கையொப்பமிடுங்கள். அலுவலகத்துக்குள்ளிருந்து உங்களுக்கு உதவியவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் குறிப்பையோ புகாரில் எங்கும் எழுதாதீர்கள்.