முடி கொட்டுகிறதா? முதலில் இந்தத் தவறுகளை நிறுத்துங்கள்

முடி கொட்ட ஆரம்பித்ததும் பெரும்பாலான ஆண்கள் முதலில் செய்வது, எதையாவது வாங்கித் தலையில் தேய்ப்பதுதான். ஏன் கொட்டுகிறது என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். முடி கொட்டுவதற்கு ஒரே காரணம் கிடையாது. ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. சில வகை தானாகவே சரியாகிவிடும், சில வகை தாமதித்தால் திரும்பாது. எந்த வகை என்று தெரியாமல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று போக்கினால் போவது பணம் மட்டுமல்ல, காப்பாற்றியிருக்கக்கூடிய முடியும்தான்.

அடுத்தது, சீப்பில் வந்ததை எண்ணிப் பயப்படுவது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதம் வளராமல் நின்று, உதிர்ந்து, அதே இடத்தில் புதிது முளைக்கும். தலைக்குக் குளிக்கும்போது கொத்தாக வருகிறதே என்று குளிப்பதையே குறைப்பவர்கள் உண்டு. அது உதிரத் தயாராக நின்ற முடி, இன்று வராவிட்டால் நாளை வரும். குளிக்காமல் விட்டால் பொடுகும் அரிப்பும்தான் கூடும்.

சரி, எதைப் பார்ப்பது? விழுந்த முடியை விட, தலையில் இருக்கிற முடியைப் பாருங்கள். நெற்றியின் இரண்டு ஓரங்களும் மேலே ஏறுகிறதா, உச்சியில் தோல் தெரிகிறதா, அந்த இடத்து முடியை இரண்டு விரலில் பிடித்துப் பின்மண்டை முடியோடு ஒப்பிட்டால் மெலிந்து, குட்டையாகி, நிறம் மங்கி இருக்கிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனிலிருந்து உடல் தயாரிக்கும் டிஎச்டி என்ற ஹார்மோனால் நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் எளிதில் பாதிக்கப்படும். ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் பூனைமுடி போல ஒன்றை மட்டும் விடும். ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதால் வருவதில்லை இது. வழுக்கை விழுந்தவர்களில் பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் சாதாரண அளவில்தான் இருக்கிறது, மயிர்க்கால் அதற்கு எளிதில் பாதிக்கப்படுவதுதான் பிரச்சினை. அம்மாவின் அப்பாவைப் பார்த்தால் போதும் என்பதும் பாதி உண்மைதான்: ஒரு முக்கியமான மரபணு அம்மா வழியில் வருகிறது, ஆனால் வேறு பல மரபணுக்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. அப்பாவுக்கு முடி அடர்த்தியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நெற்றி, உச்சி என்றில்லாமல் தலை முழுக்கச் சமமாக, திடீரென்று கைநிறைய கொட்டினால் கதை வேறு. இரண்டு மூன்று மாதம் பின்னால் போய் யோசித்துப் பாருங்கள்: கடும் காய்ச்சல், டெங்கு, டைபாய்டு, அறுவை சிகிச்சை, சாப்பாட்டை வெட்டி வேகமாக எடை குறைத்தது, பெரிய மன அழுத்தம் என்று ஏதாவது இருந்திருக்கும். அந்த அதிர்ச்சியில் ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மாதங்கள் கழித்து மொத்தமாக விழுகிறது. காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி நிற்பதால்தான் பலர் நேற்று மாற்றிய ஷாம்பூவையும் புது ஊர்த் தண்ணீரையும் குற்றம் சொல்கிறார்கள். இந்த வகையில் மயிர்க்கால் சாவதில்லை. காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கிவிடும், பழைய அடர்த்தி வரத்தான் இன்னும் கொஞ்ச காலம் எடுக்கும். அந்த நேரத்தில் தேய்த்துக்கொண்டிருந்த எண்ணெய்க்குப் புகழ் போய்ச் சேர்வது தனி வேடிக்கையல்ல, அடுத்தவரைத் தவறான வழியில் அனுப்புகிற விஷயம். அவருக்கு இருப்பது பரம்பரை வழுக்கையாக இருக்கலாமே.

வட்டமாகக் காசு அளவில் முடி காணாமல் போனால் அது புழுவெட்டு. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது, புழுவோ பூச்சியோ கடித்து அல்ல. எரிச்சல் தரும் எதையாவது அரைத்துப் பூசித் தோலைப் புண்ணாக்காதீர்கள். தோல் மருத்துவர் ஊசியோ மருந்தோ தந்தால் பலருக்கு முளைக்கும், சிலருக்குத் தானாகவே முளைக்கும். தலைத்தோலில் வலி, எரிச்சல், சீழ், செதில், அல்லது முடி போன இடம் தழும்பு போல வழவழப்பாக இருந்தால் ஒரு வாரம் கூடத் தள்ளிப்போடாதீர்கள். தழும்பு விழுந்த இடத்தில் முடி மறுபடி வராது.

ஹெல்மெட் போடுவது வழுக்கைக்குக் காரணம் அல்ல. மொட்டை அடித்தால் அடர்த்தியாக முளைக்காது. வெட்டிய முனை தடித்துத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் முடியின் வறட்சியைக் குறைக்கும், சுருங்கிய மயிர்க்காலை விரிய வைக்காது. பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவைப்பது இன்னும் மோசம், பொடுகோடு சம்பந்தப்பட்ட பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் உணவு. முடியை இறுக்கி இழுத்துக் கொண்டை போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: தினமும் அப்படி இழுத்தால் முன்வரிசை முடி நிஜமாகவே போகும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் நிரந்தரமாகப் போகும்.

மாத்திரைக்கு வருவோம். முடிக்கு என்று விற்கப்படும் விட்டமின்களில் பெரும்பாலும் இருப்பது பயோட்டின். ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒருவருக்குப் பயோட்டின் குறைபாடு வருவது அபூர்வம், குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற டிரோப்போனின் பரிசோதனையையும் கூடத் தப்பாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். இன்னும் பலருக்குத் தெரியாதது, விட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவுக்கு மிஞ்சினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும். இரும்புச்சத்து குறைவு, தைராய்டுக் கோளாறு போன்றவை உண்மையான காரணங்கள்தான். சந்தேகம் இருந்தால் பரிசோதித்து, குறைந்ததை மட்டும் சரி செய்யுங்கள். ஜிம்மில் யாரோ தந்த ஸ்டீராய்டு ஊசியோ, வேறு நோய்க்கு எடுக்கும் மருந்தோ காரணமாக இருக்கலாம், அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பரம்பரை வழுக்கைக்கு நன்றாக ஆராயப்பட்ட மருந்துகள் முக்கியமாக இரண்டு. ஒன்று மினாக்சிடில். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்து, சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்து, பிறகு தலையில் தடவும் மருந்தாக 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதில்தான் மிக அதிகமான பேர் பாதியில் விடுகிறார்கள். தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிய சுற்று தொடங்குவதால். மருந்தே கெடுத்துவிட்டது என்று பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது நான்கைந்து மாதம் ஆகாமல் எதுவும் சொல்ல முடியாது. முடி மேல் தடவுவது, ஈரத் தலையில் தடவுவது, தடவிய உடனே படுத்துத் தலையணைக்குக் கொடுப்பது எல்லாம் வீண். வகிடு பிரித்து, காய்ந்த தோலில் படவேண்டும், பிறகு கையைக் கழுவ வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம், இந்த மருந்து பூனைகளுக்குக் கடும் நஞ்சு. வளர்ந்துவிட்டது, போதும் என்று நிறுத்தினாலும் சில மாதங்களில் மருந்தால் வந்தது போய்விடும்.

இன்னொன்று ஃபினாஸ்டரைடு மாத்திரை. ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் அளவில் 1997-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது, இரத்தத்தில் டிஎச்டியைச் சுமார் 70 சதவீதம் குறைக்கும். நல்ல மருந்து, ஆனால் நண்பர் சொன்னார் என்று வாங்கிச் சாப்பிடுகிற மருந்து அல்ல. சிலருக்குப் பாலுறவில் நாட்டம் குறைவது, விறைப்புக் குறைவது போன்றவை வரும். மனச்சோர்வும் வரக்கூடும், தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் உறுதி செய்தது. மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் பேசுங்கள், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனையில் இது அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். எனவே நடுவயதைத் தாண்டியவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று தினமும் கண்ணாடி பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதே இடம், அதே வெளிச்சம், அதே முடி நீளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். கொட்டுவது நின்று, இருந்தது அப்படியே இருந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

கடைசியாக, இருபதுகளின் தொடக்கத்திலேயே அவசரப்பட்டு முடி மாற்று சிகிச்சைக்குப் போவது. பின்மண்டையிலிருந்து எடுத்துத்தான் முன்னால் நடுகிறார்கள், அங்கே இருக்கும் கையிருப்பு அளவானது, எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வழுக்கை எதுவரை போகும் என்று தெரியும் முன்பே நெற்றியை இறக்கி நட்டுவிட்டால், சில வருடத்தில் நட்டது முன்னால் நிற்க, அதன் பின்னால் இருந்த சொந்த முடி போய், நடுவில் வெற்றிடம் விழும். அதனால்தான் நட்ட பிறகும் பெரும்பாலானவர்களுக்கு மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். நட்ட முடியும் முதல் சில வாரங்களில் உதிர்ந்து, பிறகு முளைத்து, முழுப் பலன் தெரிய ஒரு வருடம் போல ஆகும். ஒப்புக்கொள்ளும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: துளையிட்டு எடுப்பதும் நடுவதும் மருத்துவரா, உதவியாளரா? பின்மண்டையிலிருந்து இப்போது எவ்வளவு எடுக்கப் போகிறீர்கள்? பத்து வருடம் கழித்து உச்சியும் போனால் அதற்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லையென்றால் அங்கே செய்துகொள்ளாதீர்கள்.