கோட்டேஷனில் ஒளிந்திருக்கும் வரி: பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு ஒரு கணக்கு

உள்ளூர் மில்லில்தானே நூல் எடுக்கிறோம், இறக்குமதி வரி நமக்கு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டுப் பஞ்சு வரியோடு வந்து இறங்கும் விலை வரைக்கும் உள்ளூர் விலை ஏற இடம் உண்டு. ஆனால் அந்த ஏற்றம் எந்த பில்லிலும் 'வரி' என்று தனியாக வராது.

180 கிராம் டி-ஷர்ட்டுக்குப் போட்டுப் பாருங்கள். கட்டிங் வேஸ்ட் 18% என்றால் துணி 220 கிராம். நிட்டிங், டையிங் சேதாரம் 8%. நூல் சுமார் 239 கிராம். கோம்டு நூலுக்கு (சீவிக் குட்டை இழைகளை நீக்கியது) பஞ்சில் 28% கழிவு. ஆக 332 கிராம் பஞ்சு. கிலோ 200 ரூபாய் என்று வையுங்கள். 2021 பட்ஜெட்டில் பஞ்சுக்கு வந்த 11% இறக்குமதி வரி அப்படியே விலையில் ஏறினால் கிலோவுக்கு 22, பீஸுக்கு 7.30 ரூபாய். எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 250, லாபம் 5% என்றால் கையில் நிற்பது 12.50. அதில் பாதிக்கு மேல் இந்த 7.30! வங்கதேசத்துப் போட்டியாளர் பஞ்சுக்கு வரி கட்டுவதில்லை. (2022-லும் 2025-லும் சில மாதங்கள் இங்கும் விலக்கு இருந்தது, நடப்பு அறிவிக்கையைப் பார்த்துவிட்டு 11-ஐப் போடுங்கள்.)

தப்பிக்க ஒரு வழி, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தரும் அட்வான்ஸ் ஆதரைசேஷன், அதாவது ஏற்றுமதிச் சரக்குக்கான மூலப்பொருளை வரி கட்டாமல் இறக்குமதி செய்யும் அனுமதி. பொதுவாக 15% மதிப்புக்கூட்டல் (இறக்குமதி மதிப்பைவிட ஏற்றுமதி மதிப்பு அவ்வளவு கூடுதல்), இறக்குமதிக்கு 12 மாத அவகாசம், ஏற்றுமதிக்கு 18 மாதம். ஆர்டர் கேன்சலாகி ஏற்றுமதி நின்றால் விட்ட வரியை வட்டியோடு கட்ட வேண்டும்.

ஆன்டி-டம்பிங் வரி, அதாவது வெளிநாட்டார் தம் ஊர் விலையைவிடக் குறைத்து இங்கே கொட்டும் சரக்குக்குப் போடும் கூடுதல் வரி, வேறு கதை. உள்நாட்டு உற்பத்தியில் 25% கையில் உள்ளவர்கள் மனுப் போட்டாலே, எதிர்ப்பவர்களைவிட ஆதரவு கூடுதலாக இருந்தால், டிஜிடிஆர் (இந்த வரிகளை விசாரிக்கும் மத்திய வணிக அமைச்சக அமைப்பு) விசாரணையைத் தொடங்கலாம். பீஸுக்குச் சில ரூபாய் இழக்கும் ஆயிரம் யூனிட்காரர்கள் டெல்லிக்குப் போவதில்லை. கோடியில் ஆதாயம் பார்க்கும் நாலு பேர் வக்கீலோடு போகிறார்கள். எனவே அறிவிப்பு வந்ததும் சங்கம் மூலமாகப் பயனீட்டாளர் (அந்தச் சரக்கை வாங்கிப் பயன்படுத்துபவர்) கேள்வித்தாளை நிரப்புங்கள். மேலே போட்ட பீஸ் கணக்குதான் அதற்குச் சாட்சி. ரகசியப் பிரதியோடு, ரகசிய விவரங்களை நீக்கிய பொதுப் பிரதியும் கொடுங்கள். ஒன்று விட்டால் உங்கள் பதிலை டிஜிடிஆர் ஒதுக்கிவிடலாம்.

வரி போனது என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. விஸ்கோஸ் பஞ்சுக்கு (மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை) 2010-இல் வந்த ஆன்டி-டம்பிங் வரி 2021 ஆகஸ்டில் நீங்கியது. 2023-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்து, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) உரிமம் இல்லாத வெளிநாட்டு ஆலைச் சரக்கை நிறுத்தியது. அது விலகியது 2025 நவம்பரில். கோட்டேஷன் கொடுக்குமுன் மூன்றையும் பாருங்கள்: சுங்க வரி, ஆன்டி-டம்பிங், தர ஆணை. சரக்கு கப்பலேறும் நாளின் வரி கணக்கில் வராது. பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரம்) போடும் நாள், கப்பலுக்கு உள்வரவு அனுமதி கிடைக்கும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றைய வரிதான்.