உறைபனி தாங்கும் சக்குலென்ட்களை விதையிலிருந்து வளர்ப்பது

சக்குலென்ட், அதாவது சதைப்பற்றான இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்துவைக்கும் செடி, என்றாலே தண்ணீர் கேட்காதது என்று மனதில் பதிந்துவிடுகிறது. வளர்ந்த செடிக்கு அது சரி. முளைக்கும் விதைக்கு அதுவே எமன். செம்பர்விவம், சீடம், டெலோஸ்பெர்மா போன்ற, உறைபனியிலும் பிழைக்கும் வகைகளை விதையிலிருந்து எடுப்பதில் உள்ள சிரமமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். முதல் சில வாரங்கள் மண் ஒரு பொழுதுகூடக் காயக் கூடாது. அதன்பின் நாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த மண்ணுக்குப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகிவிடும், தள்ளிப்போட்டால் அழுகிவிடும்.

விதை வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் பூக்கும் செம்பர்விவங்கள் தாராளமாக ஒன்றோடொன்று கலந்துவிடும். தாய்ச்செடியை அப்படியே உரித்து வைத்த பிள்ளை விதையில் கிடைக்காது. பெயருள்ள ரகம்தான் வேண்டும் என்றால் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதே வழி. என்ன வரும் என்று பார்க்கும் ஆவல் உள்ளவர்களுக்குத்தான் விதை. பளிச்சென்ற நீலம், வானவில் நிறம் என்று படம் போட்டு விற்கும் பொட்டலங்களைத் தொடவே வேண்டாம். செம்பர்விவத்தில் அப்படி ஒரு நிறம் கிடையாது.

சொந்தச் செடியிலும் விதை எடுக்கலாம். செம்பர்விவத்தில் பூத்த இலையடுக்கு (ரோஜாப்பூ போல வட்டமாக அடுக்கிய இலைக்கொத்து) அதோடு செத்துவிடும். பூத்தண்டு பழுப்பாகிக் காய்ந்ததும் வெட்டி, தாள் பைக்குள் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் விதை உதிரும். டெலோஸ்பெர்மாவின் காய் வேறு மாதிரி. காய்ந்திருக்கும்போது இறுக மூடியிருக்கும், நனைந்தால் சில நிமிடங்களில் மலர்ந்துவிடும். மழைத்துளி பட்டு விதை தெறிக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. காயைக் கிண்ணத்து நீரில் போட்டு, திறந்ததும் அலசி, வடிதாளில் விதையைப் பிடித்து உலர்த்திக்கொள்ளலாம்.

மண் கலவை

நன்றாகச் சலித்த மக்கு உரம் அல்லது தென்னை நார்த்தூள் 1 பங்கு, பெர்லைட் (எடையில்லாத வெள்ளை எரிமலைப்பாறைப் பொரி) அல்லது 1 முதல் 3 மி.மீ. வரையுள்ள கரடு மணல் 1 பங்கு. நார்த்தூளை இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிவிடுங்கள். கடல் மணல் ஆகாது. பூச்சுவேலைக்கான பொடி மணலும் ஆகாது, காற்றுப் போக இடமில்லாமல் இறுகிவிடும். கலவையை ஈரமாக்கி 80 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வேகவைத்து ஆறவிடுங்கள். பலர் தாண்டிப்போகும் வேலை இது. ஆனால் மூடிய ஈரத்தட்டில் பாசியும் பூஞ்சையும் நாற்றைவிட வேகமாக வளரும் என்பதால், இங்கே மிச்சப்படுத்தும் அரை மணி நேரத்துக்குப் பின்னால் மொத்தத் தட்டையும் விலையாகக் கொடுக்க நேரும்.

விதைப்பு

5 முதல் 7 செ.மீ. ஆழமுள்ள, அடியில் துளையுள்ள தட்டில் கலவையை நிரப்பி, மேலே 1 செ.மீ. இடம் விடுங்கள். தட்டை நீரில் உட்காரவைத்து, மேல்மண் கறுக்கும்வரை அடியிலிருந்தே உறிஞ்சவிட்டு, பிறகு வடியுங்கள். விதை தூசி போல இருக்கும். ஒரு பொட்டலத்தை அரைத் தேக்கரண்டி உலர்ந்த பொடி மணலோடு கலந்து, மடித்த வெள்ளைத்தாளில் வைத்து விரலால் தட்டித் தட்டித் தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மண் போடவே கூடாது. இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். மண்ணை முட்டிக்கொண்டு எழும்பும் அளவுக்கு அதற்குள் சேமிப்பும் இல்லை. ஒளி ஊடுருவும் மூடி அல்லது பாலித்தீன் உறையால் மூடி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் மூடிக்குள் விதை வெந்துபோகும்.

செம்பர்விவத்துக்கும் சீடத்துக்கும் 15 முதல் 20 டிகிரி போதும். டெலோஸ்பெர்மாவுக்குச் சற்றுக் கூடுதலாக, 20 முதல் 24 வரை. பெரும்பாலும் 10 நாள் முதல் 4 வாரத்துக்குள் முளைக்கும். குளிர்நாட்டு சீடம் சிலவும், லெவிசியா என்ற இன்னொரு குளிர் தாங்கும் சக்குலென்டும் குளிர்காலம் வந்துபோனதை உணர்ந்தால்தான் கண் விழிக்கும். அவற்றை விதைத்த தட்டோடு 4 முதல் 6 வாரம் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைபனி விழும் ஊரென்றால் குளிர்காலத் தொடக்கத்திலேயே விதைத்து வெளியே வைத்துவிடலாம். மிச்சத்தைப் பருவமே பார்த்துக்கொள்ளும்.

குளிர் தாங்கும் சப்பாத்திக்கள்ளி விதை கல் போன்றது. உப்புத்தாளில் தேய்த்து, ஒரு நாள் ஊறவைத்து, ஈரமணலில் 6 முதல் 8 வாரம் குளிரில் வைத்தாலும் ஒன்றிரண்டாகத்தான் எழும்பும். அந்தத் தட்டை ஒரு வருடத்துக்கு முன் கொட்டிவிடாதீர்கள்.

முளைத்த பிறகு

முதலில் தெரிவது இரண்டு பச்சைப் புள்ளிகள், குண்டூசித் தலையைவிடச் சிறியவை. பாசி என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பாசி படலமாகப் படரும், நாற்று ஜோடி ஜோடியாக நிற்கும்.

பெரும்பாலானவை முளைத்து ஒரு வாரம் ஆனதும் மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். அடுத்த 10 நாளில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் முழுவதும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் எப்போதும் அடியிலிருந்துதான். மேல்மண் நிறம் வெளுக்கத் தொடங்கும்போது ஊற்றுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு அல்ல. முளையிலைக்குப் பிறகு வரும் உண்மையான இலை 4 வந்துவிட்டால் இரண்டு நீருக்கு நடுவே மேல் அரை செ.மீ. மண்ணைக் காயவிடலாம்.

நாற்று நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. எல்.ஈ.டி. விளக்கை 15 செ.மீ. உயரத்துக்கு இறக்கி, நாளுக்கு 14 மணி நேரம் கொடுங்கள். தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து மடிந்தால் அது நாற்றழுகல். அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, உடனே காற்றோட்டம் கொடுங்கள். சின்னக் கறுப்புக் கொசுக்கள் பறந்தால் அவற்றின் புழு வேரைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேல்மண்ணைக் காயவிட்டு, 3 மி.மீ. கனத்துக்குப் பொடிச் சரளை தூவுங்கள்.

இலையடுக்கு 1 செ.மீ. அகலம் வந்ததும், பொதுவாக 2 முதல் 3 மாதத்தில், பல்குச்சியால் வேரைக் கிளப்பி 5 செ.மீ. தொட்டிக்கு மாற்றலாம். இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்க வேண்டாம். நட்டு 2 நாள் கழித்துத் தண்ணீர். அறுந்த வேர் ஆற அந்த அவகாசம் வேண்டும். உரம் கால் பங்கு வீரியத்தில் மாதம் ஒருமுறை, அதற்கு மேல் வேண்டாம். கொழுத்த நாற்று குளிர் தாங்காது.

வெயிலுக்கு வெளியே கொண்டுபோவதை 10 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். தரையில் நடும் இடம் சரிவாகவோ மேடாகவோ இருக்கட்டும், செடியின் கழுத்தை, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடத்தை, சுற்றி 2 செ.மீ. சரளை போடுங்கள். முதல் குளிர்காலத்தில் இவற்றைக் கொல்வது பனி அல்ல, தேங்கிய குளிர்நீர். மழை ஓயாத இடமென்றால் பக்கங்கள் திறந்த ஒரு கண்ணாடிக் கூரை போதும்.

செம்பர்விவத்தின் முழு நிறமும் வடிவமும் தெரிய 2 முதல் 3 வருடம் ஆகும். இரண்டாம் வசந்தம் வரும்வரை, நிறம் சரியில்லை என்று எந்த நாற்றையும் கழிக்க வேண்டாம்.